எதிர்காற்றில் சைக்கிள்: நெதர்லாந்து போகும் நம்ம எல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரத்துக்குப் படிக்கப் போகும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, குளிருக்கு எந்த ஜாக்கெட் வாங்கட்டும்? சைக்கிளிலேயே காலேஜ் போய்வர முடியுமா?"

போய்வரலாம் தம்பி. ஜாக்கெட்டை அங்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள், ஊரில் காசைக் கொட்ட வேண்டாம். குளிரைச் சொல்லிப் பயமுறுத்த ஆயிரம் பேர் வருவார்கள். காற்றைப் பற்றித்தான் யாரும் வாயைத் திறப்பதில்லை. புதிதாகப் போனவர்களில் பலர் சைக்கிளை மூலையில் சாத்திவிட்டு பஸ் பாஸ் வாங்குவது அந்தக் காற்றால்தான்.

நல்லவேளையாக, நாம் காற்றுக்குப் புதியவர்கள் இல்லை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது, அந்த வாயில்தான் நம் ஊர்கள். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளிக்குள் நெருக்கிக்கொண்டு நுழைந்து, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வரைக்கும் காற்றாலைகளைச் சுற்றவைக்கிறது. மார்கழி, தையில் அதே வழியாகக் கிழக்கிலிருந்து திருப்பி அடிக்கிறது. நான் இதை எழுதுவதும் விடுமுறைக்கு வந்த இடத்தில், ஆடி மாதத்தில்தான். வாசல் கதவுக்குக் கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறோம்.

அதனால் கிளம்புமுன் இங்கேயே பழகிக்கொள்ளுங்கள். வீட்டில் அப்பாவின் பழைய ஹீரோவோ அட்லஸோ இருந்தால் ரொம்ப நல்லது. அங்கே நீங்கள் வாங்கப்போகும் செகண்ட் ஹாண்ட் சைக்கிளும் ஏறக்குறைய அதே ரகம்தான்: நிமிர்ந்து உட்காரவைக்கும் ஹேண்டில்பார், கனமான இரும்பு, கியரே இருக்காது அல்லது மூன்று கியர். பல சைக்கிள்களில் பெடலைப் பின்னால் மிதித்தால் பின்சக்கரம் பிரேக் பிடிக்கும். அதற்கு மட்டும் காலைப் பழக்க ஒரு வாரம் பிடிக்கும்.

மதியத்துக்கு மேல் கோபாலபுரம் பக்கமாக விடுங்கள். காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும், நமக்குத்தான் காலில் இவ்வளவு பலமா என்று தோன்றும். திரும்பி வரும்போது உண்மை தெரியும். பொள்ளாச்சி ரோட்டு லாரிகள் பயமாக இருந்தால் உள்ளே போகும் ஊர் ரோடே போதும். தென்னந்தோப்பு மறைக்கும் இடத்தில் ஒரு மாதிரி, தோப்பு முடிந்து வெட்டவெளி வரும் இடத்தில் வேறு மாதிரி என்று காற்று மாறுவதை அங்கேதான் நன்றாகப் பார்க்கலாம். இந்த ஒரு பாடம் நெதர்லாந்தில் கடைசிவரை உதவும். மேப் காட்டும் குறுக்குவழி பெரும்பாலும் வயல் நடுவே நேர்கோடாகப் போகும். காற்றடிக்கும் நாளில் அதை விட்டுவிட்டு, வீடுகளும் மரங்களும் உள்ள தெருக்கள் வழியாகச் சுற்றிப் போவதே லாபம். ஒரு கிலோமீட்டர் கூடினாலும் பரவாயில்லை.

இதற்குக் கணக்கு இருக்கிறது. மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் நீங்கள் போகிறீர்கள், எதிரே 18 கி.மீ. வேகத்தில் காற்று வருகிறது என்றால் உடம்பில் மோதுவது 36 கி.மீ. காற்று. மோதும் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தடை நான்கு மடங்காகும். வழக்கமான வேகத்தையே விடாமல் பிடித்துக்கொண்டு போனால் பாதி வழியில் நாக்குத் தள்ளிவிடும். வேகம் போனால் போகட்டும். கியரைக் குறைத்து, கால் சுற்றுவதை மட்டும் ஒரே சீராக வைத்துக்கொண்டு, முழங்கையை மடக்கிக் கொஞ்சம் குனிந்து போங்கள். நிமிர்ந்த நெஞ்சுதான் காற்றுக்குப் பிடிமானம். "போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று, சரியாப்போச்சு" என்று சிலர் சொல்வார்கள். சரியாகாது. எதிர்காற்றில் மெதுவாகப் போவதால் அதில் கழியும் நேரமே அதிகம். இழந்த நேரத்தைப் பின்காற்று முழுதாகத் திருப்பித் தராது. ஆகவே தூரத்தை மட்டும் பார்த்துக் கிளம்பும் நேரத்தை முடிவு செய்யாதீர்கள். முதல் நாள் இரவே காற்றின் திசையைப் பார்த்துவிடுங்கள்.

அங்கே வானிலை அறிவிப்பில் காற்றை, அதன் பலத்தைக் குறிக்கும் போஃபர்ட் எண்ணில்தான் சொல்வார்கள். 4 என்றால் மணிக்கு 20 முதல் 28 கி.மீ. வரை, அந்த ஊருக்கு அது சாதாரணம். 5 என்றால் 29 முதல் 38, ஜாக்கெட்டுக்குள் வியர்க்கும். 6 என்றால் 39 முதல் 49. வழக்கமாகப் பிடிக்கும் நேரத்தோடு இன்னும் பாதியைச் சேர்த்துக் கணக்குப் போட்டு முன்னதாகவே கிளம்புங்கள். 7, அதாவது 50-க்கு மேல் போனால், முதல் வருடம் சைக்கிளைத் தொடவே வேண்டாம். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் அந்த 7-க்காகவே காத்திருந்து போட்டி நடத்துவார்கள்! 2013 முதல் எதிர்காற்று சைக்கிள் சாம்பியன்ஷிப் என்றே ஒன்று இருக்கிறது. கடலோரத்தில் ஊஸ்டர்ஸ்கெல்டெ தடுப்பணையின் மேல், கியர் இல்லாத சாதா சைக்கிளில், சுமார் எட்டரை கிலோமீட்டர் எதிர்காற்றில் மிதிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், பாட்டிமார்கள் பேட்டரி சைக்கிளில் உங்களை முந்திக்கொண்டு போவதைப் பார்த்து ரோஷப்பட வேண்டாம்.

பெரும்பாலான நாட்களில் அங்கே காற்று தென்மேற்கிலிருந்து வரும். காலேஜுக்கு வடகிழக்கில் ரூம் கிடைத்தால் காலையில் எதிர்காற்று, மாலையில் பின்காற்று. களைத்துத் திரும்பும்போது காற்று தள்ளிவிடுவது எனக்குப் பிடிக்கும். அதற்காகத் திசை பார்த்து ரூம் தேடுங்கள் என்று சொல்லமாட்டேன். அங்கே ரூம் கிடைப்பதே குதிரைக்கொம்பு.

எதிர்காற்று களைப்பாக்கும், அவ்வளவுதான். கீழே தள்ளுவது பக்கக்காற்று. உயரமான கட்டடத்தின் மூலை, பாலம், கால்வாய்க் கரை, பெரிய வண்டி கடந்துபோகும் நொடி, இந்த நான்கு இடங்களிலும் கவனமாக இருங்கள். கட்டடம் மறைத்த காற்று மூலையில் திடீரென்று அறையும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் சைக்கிள் இன்னும் ஆடும். பிடியைத் தளர்த்தி, வேகத்தைக் குறைத்து, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் ஒரு முழம் இடம் விட்டுப் போங்கள். மளிகைப் பையை ஒரே பக்கம் தொங்கவிடாமல் இரண்டு பக்கமும் பிரித்துப் போடுங்கள். மழைக்குப் போர்த்தும் போன்சோ காற்று நாளில் ஆபத்து, பாய்மரம் விரித்த மாதிரி உங்களை இழுத்துப் போகும். மழைக்குத் தனிச் சட்டையும் பேண்ட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். மழை எப்போது விடும் என்று பார்க்க எல்லாரும் பாயன்ரேடார் ஆப் வைத்திருப்பார்கள், நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஓட்டிக்கொண்டே போனைக் கையில் எடுக்கக் கூடாது. 2019 ஜூலையிலிருந்து அதற்கு அபராதம் உண்டு.

இனி குளிர். காற்றோடு சேர்த்துத்தான் அதைக் கணக்கிட வேண்டும். 0 டிகிரியில் 20 கி.மீ. காற்று அடித்தால் தோலுக்கு மைனஸ் 5 போலத் தெரியும். காற்றே இல்லாத நாளிலும் சைக்கிள் ஓடும் வேகமே காற்றாகிவிடும். விரல், காது, நெற்றி மூன்றையும் மூடினால் பாதி பிரச்சினை தீர்ந்தது. ஊட்டிக்குப் போட்ட மங்கி குல்லாவைப் பெட்டியில் வையுங்கள், யாரும் சிரிக்கமாட்டார்கள். உள்ளே பருத்தி பனியன் மட்டும் வேண்டாம். வியர்வையைக் குடித்துவிட்டு, நின்றதும் முதுகில் ஐஸ் மாதிரி ஒட்டிக்கொள்ளும். வீட்டைவிட்டு இறங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிடத்தில் வேர்த்துவிடும்.

டிசம்பரில் விடிய எட்டே முக்கால் ஆகும், மாலை நாலரைக்கே இருட்டிவிடும். முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள் விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். மினுக்கும் விளக்கு அங்கே செல்லாது, நிலையாக எரிய வேண்டும். ஐஸ் பிடித்த காலையில் பாலங்கள்தான் முதலில் வழுக்கும். அங்கே முன்பிரேக்கைத் தொடாமல், ஹேண்டிலைத் திருப்பாமல் நேராகக் கடந்துவிடுங்கள். இலையுதிர் காலத்து ஈர இலையும் அதே ஜாதிதான்.

அப்புறம், மீனாட்சிபுரத்துத் தங்கச்சி சுடிதார் துப்பட்டாவோடு ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறார். தாராளமாக ஓட்டலாம். வாங்கும்போதே செயின் முழுவதும் மூடியதாகவும், பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் துணி மாட்டாமல் தடுக்கும் மறைப்பு உள்ளதாகவும் பார்த்து வாங்குங்கள் கண்ணு. அங்கே கோட்டு மாட்டாமல் இருப்பதற்காக அந்த மறைப்பைப் போடுகிறார்கள். துப்பட்டாவையும் மப்ளரையும் ஜாக்கெட்டுக்குள் செருகிவிடுங்கள். முன்சக்கரத்துக்கு மறைப்பு கிடையாது.

ஷார்ஜாவில் வேலைக்குச் சைக்கிளில் போகும் வேலந்தாவளத்து அண்ணாவுக்கு: நம் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துப் பங்குனி வெயிலில் வேர்த்தால் உடனே காய்ந்துவிடும். கடலோர ஈரக்காற்றில் வியர்வை காயாது, காயாவிட்டால் உடம்பு குளிராது. அந்நாட்டு அரசு ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வெளிவேலை கூடாது என்று வைத்திருக்கிறதல்லவா, சைக்கிளுக்கும் அதுவே விதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரையே குடிக்காமல் உப்புப் போட்ட மோரும் குடியுங்கள். தலை சுற்றினாலோ பேச்சு குழறினாலோ அதற்குமேல் ஒரு மிதிகூட வேண்டாம். நிழலுக்குப் போய் உடம்பை நனைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள்.

பாதி வழியில் காற்று ஏறிவிட்டால் சைக்கிளை ரயிலில் ஏற்றிவிடலாமா என்று தம்பி திரும்பவும் கேட்டிருக்கிறார். நெதர்லாந்து ரயிலில் மடக்கும் சைக்கிளை மடித்தபடி எந்த நேரமும் இலவசமாகக் கொண்டுபோகலாம். சாதா சைக்கிளுக்குத் தனி டிக்கெட் வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6.30 முதல் 9, மாலை 4 முதல் 6.30 வரை ஏற்ற விடமாட்டார்கள், ஜூலையும் ஆகஸ்டும் மட்டும் விதிவிலக்கு. புயல் எச்சரிக்கை வந்தால் ரயிலே ஓடாமல் போகலாம். அன்றைக்குச் சைக்கிளை ஸ்டேஷனில் பூட்டிவிட்டு, கூடப் படிக்கும் யாராவது ஒருவர் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள்.