ஓட்டத்தின் நடுவே எதிர்ப்பட்டவர்கள்

காட்டுப்பாதை ஓட்டம், வரைபடம் பார்த்து ஓடும் ஓரியண்டியரிங் என்று பேச ஆரம்பித்தாலே பேச்சு நேரம், தூரம், காலணி என்று போய்விடுகிறது. வழியில் யார் எதிர்ப்பட்டார்கள் என்று கேட்பவர் குறைவு. எனக்கு நினைவில் தங்கியிருப்பதெல்லாம் அவர்கள்தான். என்னுடையதை முதலில் சொல்கிறேன், நீங்களும் எழுதுங்கள்.

கண்ட்ரோல் என்பது ஆரஞ்சு வெள்ளைத் துணி கட்டி அடையாளமிட்ட, நாம் தேடிக் கண்டுபிடித்துப் பதிவு செய்ய வேண்டிய இடம். அன்று இரண்டு கண்ட்ரோல்களுக்கு இடையே நீண்ட தூரம். வரைபடத்தில் அந்த இடம் அடர்பச்சை, அதாவது உள்ளே புகுந்து ஓட முடியாத புதர். அதன் விளிம்பை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தபோது விசில் சத்தம் கேட்டது. நின்று எண்ணினேன். ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் அமைதி, மறுபடியும் ஆறு. மலைகளில் இதுதான் ஆபத்துக்கான அறிகுறி. கேட்டவர் நிமிடத்துக்கு மூன்று முறை ஊதிப் பதில் தர வேண்டும். ஊதினேன். உடனே எதிர்க்குரல் வந்தது.

பாறையடியில் ஒருவர் கணுக்கால் பிசகி உட்கார்ந்திருந்தார். கால் பெரிய கவலையாக இல்லை. பேச்சு குழறியதுதான் என்னைப் பயமுறுத்தியது. வியர்வையில் நனைந்த சட்டையோடு ஓடுகிறவர் சட்டென்று நின்றுவிட்டால் உடல் சூடு மளமளவென்று இறங்கிவிடும். தரை சூட்டை உறிஞ்சாமல் இருக்க அவரை என் பையின் மேல் உட்கார வைத்தேன். ஈரச்சட்டையைக் கழற்றி என் காய்ந்த மேலுடையை மாட்டிவிட்டு, வெள்ளி நிற அவசரப் போர்வையைக் கழுத்துவரை சுற்றினேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பெண் ஓடிவந்தார். நாங்கள் இருந்த இடத்தை அவருடைய வரைபடத்தில் வட்டமிட்டு, நேரத்தையும் எழுதிக் கொடுத்தேன். ஒரு கேள்வியும் கேட்காமல் தன் போட்டியை அங்கேயே விட்டுவிட்டு முடிவிடத்தை நோக்கித் திரும்பினார். அடிபட்டவருக்கு உதவுவது போட்டியாளர் எல்லோருடைய கடமை என்று சர்வதேச ஓரியண்டியரிங் விதிகளே சொல்கின்றன. அந்த விதிக்காகவே இந்த விளையாட்டின் மேல் எனக்குத் தனி மரியாதை.

* * *

நீங்கள் கேட்டதால் நானும் எழுதுகிறேன். என்னுடையது உங்களுடையதைவிடச் சிறிய சம்பவம்.

மேய்ச்சல் நிலத்தின் வேலிக்கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். பாதைக்கு இந்தப் பக்கம் பசு, அந்தப் பக்கம் கன்று. கன்றோடு இருக்கும் பசுவின் குறுக்கே ஓடக்கூடாது. நடைக்கு மாறி, பசுவும் கன்றும் எனக்கு ஒரே பக்கமாக இருக்கும்படி வேலியோரம் நன்றாக விலகிச் சுற்றிவந்தேன். சில நிமிடங்கள் போயின, போகட்டும்.

அந்த நிலத்துக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்தில் வந்து, “என்னம்மா தேடுகிறீர்கள்?” என்றார். போட்டியில் வழி கேட்கக் கூடாது. கேட்கவில்லை, என்ன விளையாட்டு என்று மட்டும் விளக்கினேன். “ஓ, அந்த ஆரஞ்சு வெள்ளைத் துணியா? ஓடை இரண்டாகப் பிரிகிற இடத்தில் கட்டியிருக்கிறார்கள், வாருங்கள் காட்டுகிறேன்” என்று முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டார்! என் குறிப்புத் தாளிலும் ஓடைச் சந்திப்புதான் போட்டிருந்தது. நானே கண்டுபிடித்தால்தான் கணக்கு என்று சொல்லி நன்றி தெரிவித்தேன். உடனே புரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டார். ஆனாலும் கரைமேல் நின்று, நான் வந்து சேர்ந்ததைப் பதிவு செய்யும் மின்னணுச் சிப்பை அங்கிருந்த கருவியில் செருகி ‘பீப்’ ஒலி வரும்வரை பார்த்துவிட்டுத்தான் போனார். முடிவிடத்தில் நடந்ததை அப்படியே அமைப்பாளரிடம் சொன்னேன். கேட்காமல் வந்த உதவிதான் என்றாலும் சொல்லிவிடுவது முறை என்று நினைக்கிறேன்.

* * *

இது என் பங்கு. உங்கள் இருவரையும் போல இல்லை, நான் ரோகெய்னிங் ஆள். தெரியாதவர்களுக்கு: 1976இல் ஆஸ்திரேலியாவில் உருவான, வரைபடம் பார்த்துக் குழுவாகக் கண்ட்ரோல்களைத் தேடும் போட்டி இது. முழுப் போட்டி 24 மணி நேரம். குழுவில் இரண்டு முதல் ஐந்து பேர், ஒருவர் குரல் மற்றவருக்கு எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு கண்ட்ரோலுக்கும் புள்ளிகள் உண்டு. எந்த வரிசையில் போவது என்பதை நாமே முடிவு செய்யலாம். தாமதமாக வந்து சேர்ந்தால் புள்ளிகள் கழியும். ஜிபிஎஸ் கூடாது.

அப்படி ஓர் இரவில் வயதான தம்பதியரைச் சந்தித்தோம். சந்தித்தோம் என்றால், திரும்பத் திரும்ப. நாங்கள் ஓடினோம், அவர்கள் நடந்தார்கள். ஆனால் நாங்கள் மூச்சிரைக்க ஒரு கண்ட்ரோலை அடைந்தால், அந்த இரண்டு தலைவிளக்குகளும் எங்களுக்கு முன்னால் அங்கிருந்து கிளம்பிக்கொண்டிருக்கும். நாங்கள் குன்றின் மேல் ஏறி இறங்கினோம். அவர்கள் சம உயரக் கோட்டைப் பிடித்துக்கொண்டு உயரத்தை இழக்காமல் பக்கவாட்டில் சுற்றிவந்தார்கள்.

தண்ணீர் வைத்திருந்த இடத்தில் அந்த அம்மாவின் கையைக் கவனித்தேன். வரைபடத்தை உள்ளங்கை அளவுக்கு மடித்து, தாங்கள் நிற்கும் இடத்தின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை ஊன்றியிருந்தார். தண்ணீர் குடிக்கும்போதும் அந்த விரல் அசையவில்லை. வடக்கு எப்போதும் வடக்கையே பார்க்கும்படி, அவர் திரும்பும்போதெல்லாம் தாள் மட்டும் கைக்குள் சுழன்றது.

“ஏற்றத்துக்கு என்ன கணக்கு வைத்திருக்கிறீர்கள்?” என்று அந்தப் பெரியவரைக் கேட்டேன். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கைத்தான் சொன்னார்: நடக்கிறவருக்கு 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அப்படியென்றால் 100 மீட்டர் ஏறுவது சமதளத்தில் சுமார் 800 மீட்டர் நடப்பதற்குச் சமம். கால் வேகத்தை மட்டும் நம்புகிறவர்கள் இதை ஒருமுறை தங்கள் வரைபடத்தின்மேல் போட்டுப் பார்க்க வேண்டும்.

* * *

உங்கள் மூவரையும் படித்துவிட்டு நானும் எழுதுகிறேன். நான் இப்போது ஓடுவதைவிடப் போட்டி நடத்துவதுதான் அதிகம். எனக்கு எதிர்ப்படுபவர்கள் வேறு வகை.

போட்டிக்கு முன்னால் அனுமதி கேட்கப் போன இடத்தில் ஒரு விவசாயி என்னை உள்ளேயே விடவில்லை. முன்பு யாரோ அவருடைய முளைவிட்ட வயலை மிதித்துவிட்டார்கள். அவர் கோபம் முழுக்க நியாயம். வரைபடத்தில் மஞ்சள்மேல் கருப்புப் புள்ளிகள் இருந்தால் அது பயிர் நிலம். பயிர் இருக்கும் காலத்தில் கால் வைக்கக் கூடாது. ஆலிவ் பச்சை என்றால் வீட்டையொட்டிய இடம், எப்போதுமே கூடாது. குறுக்கே போனால் அரை நிமிடம் மிச்சமாகலாம், ஆனால் அந்த ஊரில் அடுத்த போட்டியே நடக்காது.

இன்னொருவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு மாலை எல்லோருடைய சிப்பும் கணினியில் பதிவாகிவிட்டது, ஒன்றைத் தவிர. இருட்டிக்கொண்டு வந்தது. கடைசியாக அவர் பதிவு செய்த கண்ட்ரோலிலிருந்து இரண்டிரண்டு பேராகத் தேடக் கிளம்பினோம். ஓடைக்குள்ளும் பாறை இடுக்கிலும் விளக்கடித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனோம். அவரோ பாதியில் விட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்த் தூங்கிக்கொண்டிருந்தார். பாதியில் விலகினாலும் முடிவிடத்துக்கு வந்து சிப்பைப் பதிவு செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

அதன் பிறகு சிப் வாடகைக்கு எடுப்பவர்களிடம் வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொள்கிறோம். திரும்பி வந்து சிப்பைக் கொடுத்தால் சாவி கிடைக்கும். சிலருக்கு இது பிடிக்கவில்லை என்று தெரியும். அடுத்த போட்டியில் பதிவு மேசையில் சாவி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள்.