ஜிப்ஸியைத் தூக்கினேன், அப்புறம் இறக்கினேன்

என்னுடையது 2004 மாடல் மாருதி ஜிப்ஸி கிங், நான்கு சக்கரமும் இழுக்கிற சின்ன ஜீப். தாண்டிக்குடி பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் பதினைந்து வருடத்துக்கு மேல் உழைத்த வண்டி. 2021-இல் வாங்கினேன். ஃப்ளோர் முழுக்க துரு, கதவைச் சாத்தினால் மண் உதிரும். ஆனால் ஃபோர் வீல் கியரைத் தள்ளிப் பார்த்தபோது ஹை, லோ (வேகத்துக்கு ஒன்று, மெதுவான இழுவைக்கு ஒன்று) இரண்டும் தடங்கல் இல்லாமல் விழுந்தன. அதற்காகவே பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டேன்.

ஜிப்ஸி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏணி போன்ற சேஸிஸ், முன்னும் பின்னும் முழு ஆக்சில், நான்கு பக்கமும் ஸ்பிரிங் பட்டை. எடை ஏறக்குறைய ஒரு டன்தான். கனமான வண்டிகள் புதைகிற சேற்றில் இது மேலோடு போய்விடும். இன்ஜின் 1298 சிசி, 80 குதிரைத் திறன். ஆனால் முழு இழுவை 4500 ஆர்.பி.எம்-இல்தான் வரும். மலையில் இந்த வண்டியை ஏற்றுவது கியர். இதை நான் புரிந்துகொள்ள இரண்டு வருடம் ஆனது.

வாங்கிய மாதமே வண்டியைத் தூக்கிவிட்டேன். இரண்டு அங்குலம் நீளமான ஷேக்கிள் (பட்டையின் நுனியைச் சேஸிஸோடு இணைக்கிற ஆடும் இரும்புத் துண்டு), 235/75 ஆர் 15 மட் டயர், முன்னால் கனமான இரும்பு பம்பர். நிறுத்தி வைத்துப் பார்த்தால் அவ்வளவு அழகு. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஷேக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி உயர்வது ஒரு அங்குலம்தான், அதுவும் பாடி மட்டும். பாதையில் கல்லில் இடிப்பது ஆக்சிலில் கிரவுன் பல்சக்கரம் இருக்கிற ஹவுசிங், அந்த உருண்டைப் பெட்டி. அது ஆக்சிலோடு இருப்பதால் பட்டையையும் ஷேக்கிளையும் என்ன செய்தாலும் ஒரு மில்லிமீட்டர்கூட ஏறாது. அதை உயர்த்துவது டயர் ஒன்றுதான். கம்பெனி டயரான 205/70 ஆர் 15-இன் விட்டம் 668 மி.மீ. நான் போட்டது 733. வித்தியாசத்தில் பாதி, 33 மி.மீ., ஹவுசிங்குக்குக் கீழே கிடைத்தது. அது உண்மையான லாபம், மறுக்கவில்லை.

வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு நாள் அறுபதில் போய்க்கொண்டிருந்தேன். முன் சக்கரம் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறியது, அவ்வளவுதான். ஸ்டியரிங் கையில் நிற்காமல் உதற ஆரம்பித்தது. டேஷ்போர்டே கழன்றுவிடும் போல ஆட்டம். வேகம் இருபதுக்கு வந்த பிறகுதான் நின்றது. பக்கத்து சீட்டில் என் மகள் இருந்தாள்.

திண்டுக்கல்லில் லாரிகளுக்குப் பட்டை கட்டுகிற ஒரு பட்டறைக்காரரிடம் கொண்டுபோனேன். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்து, இரண்டு கையையும் ஆக்சில் போல நீட்டிக் காட்டினார். "தம்பி, இந்த வண்டிக்கு முன் பட்டையில ஷேக்கிள் முன்பக்கம் இருக்கு. நீங்க அதை நீட்டிட்டீங்க. பட்டையோட முன் நுனி கீழ இறங்கி, ஆக்சிலே முன்னால சாஞ்சு நிக்குது. அப்புறம் ஸ்டியரிங் எப்படித் தானா நேருக்குத் திரும்பும்?" கேஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்புகிற அச்சின் பின்சாய்வு, குறைந்துபோனதைத்தான் அப்படிச் சொன்னார். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம் என்றார். ஆனால் முன் சக்கரங்கள் திரும்புகிற கிங் பின் பேரிங் நான்கும் தேய்ந்திருந்தன, ஸ்டியரிங் கம்பியின் நுனி மூட்டான டை ராடு எண்ட் ஆடியது, பட்டை புஷ் எல்லாம் ரப்பர் இல்லாமல் வெறும் இரும்பு. பழைய தேய்மானத்தின் மேல் புதிய கோணத்தை ஏற்றியிருக்கிறேன். கம்பெனி ஷேக்கிளையே திரும்பப் போட்டு, பேரிங், புஷ், பிரேக் ஹோஸ் அத்தனையும் மாற்றினோம். உதறல் அன்றோடு போனது.

பழைய வண்டி வாங்குகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். முதல் பணத்தை இதற்குச் செலவழியுங்கள். புதைந்த வண்டியை இழுக்கிற வின்ச்சும் விளக்கும் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

அந்த மழைக்காலத்தில் பெரும்பாறைக்கு மேலே நண்பரின் தோட்டத்தில் ஒரு செம்மண் ஏற்றம். மூன்று முறை பாதி வரை ஏறி, மூன்று முறையும் வழுக்கிப் பின்னால் வந்தேன். டயர் பள்ளங்களில் மண் அப்பி, வெறும் வழுவழு உருளையாகச் சுற்றியது. பழைய மஹிந்திரா ஜீப்பில் மிளகு மூட்டையோடு வந்த ஓட்டுநர் அண்ணன் இறங்கி வந்து டயரைக் காலால் மிதித்துப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கே தம்பி. டயர் கொஞ்சம் உட்காரணும். காத்த இறக்குங்க." அவரே ஒரு குச்சியால் வால்வை அழுத்திப் பிடித்தார். பக்கவாட்டில் டயர் பிதுங்கியதும், போதும் என்றார். பிறகு அளந்தபோது 16 பி.எஸ்.ஐ. இருந்தது, முதலில் 28. லோவில் இரண்டாவது கியர், ஆக்சிலேட்டரை மிதித்து விரட்டாமல் ஒரே சீராக ஏறி முடித்துவிட்டேன். எந்த உதிரிபாகமும் தராத பிடிமானத்தைக் காற்று தந்தது. தார் ரோட்டுக்கு வருமுன் மறுபடி அடித்தே ஆக வேண்டும், அதனால் வண்டியில் ஒரு சின்னக் கம்ப்ரஸர் எப்போதும் இருக்கிறது.

ஓடையில் கற்றது வேறு. நன்றாக ஓடிச் சூடாயிருந்த ஆக்சில் சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, பிரீதர் என்கிற காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு மாதம் கழித்து ஹவுசிங் ஆயிலைத் திறந்தபோது பால் டீ நிறத்தில் ஊற்றியது. நல்லவேளை, கிரவுன் பினியன் தப்பியது. பிரீதரில் ரப்பர் குழாய் மாட்டி இன்ஜின் அறைக்குள் உயரமாகக் கட்டிவிட்டேன், சில நூறு ரூபாய் வேலை. என்னோடு வந்த நண்பரின் டீசல் வண்டிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இன்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் ஸ்நார்க்கல் குழாய் இருந்தது, ஆனால் ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடி சரியாக அடையவில்லை. சிலிண்டருக்குள் தண்ணீர் போய் கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது.

2024-இல் பதிவுச் சான்றிதழை (ஆர்.சி.) புதுப்பிக்கப் போனபோது ஆய்வாளர் வண்டியைச் சுற்றி வந்து பம்பரையும் டயரையும் காட்டி, கம்பெனி நிலைக்குக் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டார். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை இந்தப் பரிசோதனை உண்டு. இப்படிக் கூடுதலாக மாட்டுகிற இரும்பு பம்பருக்கு (bull bar) 2017-லிருந்தே தடை. கம்பெனி வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த உதறலைக் கையில் பிடித்தவன் என்ற முறையில், அவர் சொன்னதில் தவறு இல்லை என்றே நினைக்கிறேன்.

205/70-க்கே திரும்பினேன், அதே அளவில் நல்ல பிடிப்புள்ள ஆல் டெரெய்ன் டயர். அன்று மாலை அதே செம்மண் சரிவில் இறங்கியபோது ஒன்று புரிந்தது. பெரிய டயரில் கியர் பத்து சதவீதம் நீண்டுபோயிருந்தது. லோ முதல் கியரிலும் வண்டி ஓட்டம் பிடிக்கும், நான் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்குவேன். இப்போது காலை எடுத்துவிட்டேன், இன்ஜினே பிடித்துக்கொண்டு நடை வேகத்தில் இறக்கியது. 33 மி.மீ. போனதற்குச் சக்கரத்தைக் கல்லின் மேலேயே ஏற்றி, ஹவுசிங்கை விலக்கி ஓட்டப் பழகிக்கொண்டேன்.

எங்கே போனாலும் தோட்டக்காரரிடம் அனுமதி கேட்டுத்தான் போகிறேன். வனத்துறை எல்லைக்குள் சக்கரம் வைப்பதில்லை. ஓடையிலும் இருக்கிற தடத்தில்தான் இறங்குவது, புதுத் தடம் போடுவதில்லை.

இப்போது மிச்சமிருக்கும் குறை ஒன்றுதான். குறுக்குப் பள்ளத்தில் பின் சக்கரம் ஒன்று அந்தரத்தில் தொங்கினால் இழுவை முழுக்க அதற்கே போய், தரையில் இருக்கும் சக்கரம் சும்மா நிற்கிறது. இரண்டு பின் சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்றவைக்கிற லாக்கரைப் பின் ஆக்சிலுக்குப் போடலாமா என்று யோசிக்கிறேன். தானாகப் பூட்டிக்கொள்ளும் வகையை ஜிப்ஸியில் போட்டவர்கள் இருந்தால், மழையில் கொண்டை ஊசி வளைவுகளில் பின்பக்கம் இழுக்கிறதா என்று எழுதுங்கள்.