இரண்டு தடவை விண்டோஸ் மாற்றியும் நீலத் திரை நிற்கவில்லை, மதர்போர்டு மாற்றத்தான் வேண்டுமா?

பூந்தளிர்:

வணக்கம். வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் டிசைன் செய்து கொடுக்கிறேன். நாலு வருடத்துக்கு முன் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர். டிடிஆர்4 ரேம் 8 ஜிபி இரண்டு, பெட்டியில் வேகம் 3200 என்று போட்டிருந்தது. விண்டோஸ் 512 ஜிபி எஸ்எஸ்டியில், போட்டோ எல்லாம் 2 டிபி ஹார்ட் டிஸ்கில். எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் கொடுக்கிற பெட்டி) 450 வாட்.

ஒன்றரை மாதமாக வேலை நடுவில் நீலத் திரை வந்து ரீஸ்டார்ட் ஆகிறது. பில் டைப் செய்வது, மெயில் பார்ப்பது என்றால் நாள் முழுக்க ஒன்றும் ஆகாது, போட்டோஷாப்பில் பெரிய ஆல்பம் திறந்து ஒரு மணி நேரம் வேலை பார்த்தால் போய்விடுகிறது. கடையில் முதல் தடவை வைரஸ் என்று சொல்லி ஃபார்மேட் செய்தார்கள், பத்தே நாளில் திரும்ப வந்தது, மறுபடி ஃபார்மேட். இப்போது மதர்போர்டு போய்விட்டது, 9,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். திரையில் வந்ததை போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன்: ஒரு நாள் "மெமரி மேனேஜ்மென்ட்", அடுத்து "ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்", அப்புறம் "பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா". ஒவ்வொரு தடவையும் வேறு வேறு.

இன்னொன்று, இதற்குச் சம்பந்தம் உண்டா தெரியவில்லை. போன வாரம் மெமரி கார்டிலிருந்து காப்பி செய்த ஒரு படத்தில் பெண்ணின் நெற்றிச்சுட்டி வரை சரியாக இருக்கிறது, அதற்குக் கீழே முகம் முழுக்க ஒரு பக்கமாக நகர்ந்து பச்சையும் ரோஸுமாக ஆகிவிட்டது. ஆவணி முகூர்த்த ஆல்பங்கள் வரிசையில் நிற்கின்றன, தயவுசெய்து யாராவது வழி சொல்லுங்கள்.

மின்னோட்டம்:

எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள். நாலு வருடமான 450 வாட், போட்டோஷாப்பில் லோடு ஏறும்போது கரண்ட் தாங்காமல் விழுகிறது. பயாஸில் (விண்டோஸ் வரும் முன் திறக்கிற மதர்போர்டு செட்டிங்கில்) ஹார்ட்வேர் மானிட்டர் பக்கத்தில் 12 வோல்ட் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள், 11.4க்கும் 12.6க்கும் நடுவில் இருக்க வேண்டும். எனக்கு இதே மாதிரி ஆனபோது எஸ்எம்பிஎஸ் மாற்றியதும் சரியாகிவிட்டது.

திருப்புளி:

சகோதரி, முதலில் ஒன்று: அந்தக் கம்ப்யூட்டரில் கார்டிலிருந்து படம் இறக்குவதையும் பேக்கப் எடுப்பதையும் இப்போதே நிறுத்துங்கள். காரணம் கீழே சொல்கிறேன்.

மின்னோட்டம் சொல்கிற எஸ்எம்பிஎஸ் கோளாறு உண்மையில் வரக்கூடியதுதான், ஆனால் அதன் முகம் பெரும்பாலும் வேறு மாதிரி இருக்கும். கரண்ட் விழுந்தால் நீலத் திரை எழுதக்கூட விண்டோஸுக்கு நேரம் கிடைக்காது, பட்டென்று அணைந்துவிடும். விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கிற ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் "கெர்னல் பவர் 41" என்று பதிவாகியிருக்கும், அதன் உள்ளே பக்செக் கோடு (நீலத் திரையின் பிழை எண்) 0 என்று இருந்தால் மின்சாரப் பக்கம் சந்தேகப்படலாம். உங்களுக்குத் திரை வருகிறது, பெயர் சொல்கிறது, பெயர் ஒவ்வொரு தடவையும் மாறுகிறது. டிரைவர் (ஒவ்வொரு பாகத்தையும் இயக்குகிற சாஃப்ட்வேர்) கோளாறு என்றால் பெரும்பாலும் ஒரே பெயரும் ஒரே ஃபைலும் திரும்பத் திரும்ப வரும். இப்படி மாறி மாறி வந்தால் நான் முதலில் கை வைப்பது ரேமில்தான்.

அந்த நெற்றிச்சுட்டிப் படத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. காப்பி செய்யும்போது படம் கார்டிலிருந்து நேராக டிஸ்குக்குப் போவதில்லை, ரேமுக்கு வந்துதான் போகிறது. ரேமில் ஓரிடம் கெட்டு 1 என்று எழுதியதை 0 என்று திருப்பிக் கொடுத்தால், அந்தத் தப்பான பிட்தான் டிஸ்கில் போய் உட்காரும். ஜேபெக் படத்தில் ஒவ்வொரு துண்டும் முந்தைய துண்டை நம்பித்தான் பிரிக்கப்படுகிறது, அதனால் ஒரு பிட் புரண்டாலும் அந்த இடத்திலிருந்து கீழே வரை நகர்ந்து நிறம் மாறிவிடும். சர்வர்களில் போடுகிற ஈசிசி ரேம் ஒரு பிட் தப்பை அங்கேயே திருத்திவிடும், நம் வீட்டு மெஷினில் அது கிடையாது, விண்டோஸும் காப்பி முடிந்தது என்றுதான் சொல்லும். நீலத் திரையை நாம் பார்த்துவிடுகிறோம், இந்தச் சேதத்தைப் பார்க்க மாட்டோம், அதனால் எனக்கு இதுதான் அதிகக் கவலை. அந்த ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் மாட்டிப் பேக்கப் எடுங்கள்.

பெரிய ஆல்பம் திறந்தால்தான் விழுகிறது என்பதும் பொருந்துகிறது. ரேம் நிறைய நிறைய கெட்ட இடத்தில் கை படும் வாய்ப்பு கூடும்.

சோதிக்கச் செலவு இல்லை, ஒரு பென்டிரைவ் போதும். ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 புரோகிராம் இலவசமாகக் கிடைக்கிறது, வேறொரு கம்ப்யூட்டரில் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து ஓட விடுங்கள், விண்டோஸ் தேவையே இல்லை. இலவசப் பதிப்பு 4 சுற்று ஓடும், 16 ஜிபிக்குப் பல மணி நேரம் ஆகும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான், கொஞ்சம்தானே வந்தது என்று விடக் கூடாது. விண்டோஸிலேயே ஒரு மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது, அது நன்றாக இருக்கிறது என்று சொன்னதை நம்பிவிடாதீர்கள், அது கண்டுபிடிக்காத ரேமை மெம்டெஸ்ட் பிடித்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிழை வந்தால் உடனே ரேம் வாங்க ஓட வேண்டாம். பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதிக வேகத்தில் ஓட்டுகிற செட்டிங்) ஆன் ஆகியிருந்தால் ஆஃப் செய்து மறுபடி ஓட்டுங்கள். 3200 என்பது பெரும்பாலும் எக்ஸ்எம்பி போட்டு 1.35 வோல்ட்டில் கிடைக்கிற வேகம், ஆஃப் செய்தால் 2133, 2400 மாதிரி நிதானமான வேகத்துக்கு இறங்கும். அப்போது பிழை நின்றுவிட்டால் ரேம் குச்சி கெட்டது என்று முடிவு கட்ட முடியாது. அப்போதும் வந்தால் ஒவ்வொரு குச்சியாக, ஒரே ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள், கடைசியில் நல்ல குச்சியை மற்ற ஸ்லாட்டிலும் போட்டுப் பாருங்கள். ஸ்லாட் கெட்டிருந்தால் கடைக்காரர் சொன்னது சரி.

கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்துங்கள், கேபினெட் இரும்பை ஒரு தடவை தொட்டுக்கொள்ளுங்கள். தங்க நிறப் பற்களை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படும்.

மின்னோட்டம்:

திரை வருகிறது என்பதை நான் சரியாகப் படிக்கவில்லை. திருப்புளி சொல்வதுதான் சரி, முதலில் ரேம் பாருங்கள்.

பூந்தளிர்:

அண்ணா, நேற்று ராத்திரி போட்டேன். முக்கால் மணி நேரம் வரை ஒன்றும் இல்லை, அப்புறம் சிவப்பு வரிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக வர ஆரம்பித்தன. எழுதியது ஒரு பக்கம், திரும்ப வந்தது ஒரு பக்கம் என்று காட்டுகிறது, உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தேன், எல்லா வரியிலும் அதே ஒரு இடத்து எழுத்து மட்டும்தான் மாறியிருக்கிறது. எக்ஸ்எம்பி ஆன் ஆகித்தான் இருந்தது, ஆஃப் செய்தும் அதே பிழை.

இன்று இரண்டு குச்சியையும் கழற்றினேன். பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் குழம்பாமல் இருக்க ஒன்றின் ஓரத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கொண்டேன். பொட்டு வைத்த குச்சி 4 சுற்றும் சுத்தமாக முடித்தது. பொட்டு இல்லாதது அதே ஸ்லாட்டில் இருபது நிமிடத்தில் சிவப்பாகிவிட்டது, ரப்பரால் தேய்த்த பிறகும் அப்படித்தான். நல்ல குச்சியை அடுத்த ஸ்லாட்டில் போட்டும் பார்த்துவிட்டேன், பிழை இல்லை. ஆக மதர்போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது 8 ஜிபியில்தான் ஓடுகிறது, மெதுவாக இருந்தாலும் மதியத்திலிருந்து ஒரு தடவைகூட விழவில்லை.

இரண்டு கேள்வி. கடையில் ஏற்றிய விண்டோஸை அப்படியே வைத்துக்கொள்ளலாமா? ஒன்றரை மாதத்தில் இறக்கிய படங்களில் எது கெட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

திருப்புளி:

எல்லா வரியிலும் அதே பிட் என்றால் சந்தேகத்துக்கு இடமில்லை, சிப்பிலேயே அந்த இடம் போய்விட்டது. பில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், ரேமுக்கு வாரண்டி பல வருடம் இருக்கும், நாலு வருடம் ஆனாலும் கேட்டுப் பாருங்கள். ஜோடியாக வாங்கியிருந்தால் ஜோடியாகவே திருப்பிக் கேட்கலாம், அதனால் அனுப்பும் முன் வேலைக்கு மாற்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

விண்டோஸைத் திரும்ப ஏற்றுங்கள். கெட்ட ரேமோடு ஏற்றியது, எந்த ஃபைல் எப்படி எழுதப்பட்டது என்று சொல்ல முடியாது. இந்தத் தடவை ஃபார்மேட் செய்வதில் அர்த்தம் இருக்கிறது. போட்டோ இருக்கிற டிஸ்கை மட்டும் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

படங்களுக்கு, கண்ணால் பார்த்தால் பெரிய சேதம்தான் தெரியும். மூலக் கார்டோ, ஸ்டூடியோவில் இன்னொரு நகலோ இருந்தால் இரண்டிலும் ஒவ்வொரு படத்துக்கும் ஹாஷ் (ஃபைலின் உள்ளே இருப்பதை வைத்துக் கணக்கிடுகிற எண்) எடுத்து ஒப்பிடுங்கள், செவன்-ஜிப் போட்டிருந்தால் ரைட் கிளிக் மெனுவிலேயே இருக்கிறது. எண் ஒன்றாக இருந்தால் பிட் பிட்டாக அதே படம்.

பூந்தளிர்:

ஸ்டூடியோவுக்கு போன் செய்தேன் அண்ணா. இரண்டு கல்யாணத்தின் கார்டை இன்னும் அழிக்கவில்லையாம், காலையில் போய் வாங்கி வருகிறேன். மூன்றாவது ஏற்கனவே அழித்துவிட்டார்கள், ஆனால் அவர்கள் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி இருக்கிறது. அந்த நெற்றிச்சுட்டிப் படம் அதில் முழுசாக இருக்கிறது, வாட்ஸ்அப்பில் அனுப்பிக் காட்டினார்கள்.