பத்து விழுக்காடும் காணாமற்போன கணக்குத் தாளும்

கரிசல்மசி:
‘எழுத்தாளருக்குப் பத்து விழுக்காடு ராயல்டி தாராளம், சொந்தச் செலவில் நூல் போடுவோர் பதிப்பகங்கள் திருப்பியனுப்பிய கைப்பிரதிகளோடு அலைபவர்கள்’ என்று நேற்று அருள்வாக்கு வழங்கிய ஏட்டுச்சுவடி அவர்களுக்கு வணக்கம். 200 ரூபாய் நூலுக்கு 20 ரூபாய் வீதம் 300 பிரதிகள் விற்றால் 6,000 ரூபாய் வரும். அதற்காவது எத்தனை பிரதிகள் விற்றன என்று கணக்குத் தாள் தருகிறார்களா?

ஏட்டுச்சுவடி:
தாள், அச்சு, அட்டை, மெய்ப்பு, கடைக்காரர் கழிவு, சென்னைப் புத்தகக் காட்சி அரங்கு வாடகை ஆகிய அனைத்துக்கும் முதல் போடுபவர் பதிப்பாளர். கட்டுப் பிரிக்காத பிரதிகளைக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்திருப்பவர்களுக்கு இது புரியாது.

கரிசல்மசி:
நான் செலவுப் பட்டியல் கேட்கவில்லை, கணக்குத் தாள் கேட்டேன். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க உ.வே.சாமிநாதையர் நூலை வாங்க ஒப்புக்கொண்டவர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் சேர்த்தாரே, அவரும் திருப்பியனுப்பப்பட்டவரா?

மெய்ப்புநோக்கி:
ஐயரவர்கள் பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்தவர். தங்கள் சிறுகதைத் தொகுதியின் முதல் பக்கத்திலேயே ‘பள்ளி’ வாசலில் நிற்க வேண்டிய சிறுவன் ‘பல்லி’ வாசலில் நிற்கிறான்.

கரிசல்மசி:
அந்தப் பல்லியை எத்தனை காலம் சுமப்பீர்கள் ஐயா? மெய்ப்புப் பார்க்கத் தங்களை அழைக்கவில்லை என்ற வருத்தம் இன்னும் ஆறவில்லை போலும். அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் எனக்கு 70 விழுக்காடு கிடைக்கிறது. விற்பனை விவரத்தை யாரிடமும் கெஞ்சாமல் நானே பார்த்துக்கொள்கிறேன்.

ஏட்டுச்சுவடி:
அதையும் முழுதாகச் சொல்லுங்கள். இந்திய விற்பனைக்கு 70 விழுக்காடு வேண்டுமானால் கேடிபி செலக்ட் என்ற அமேசான் திட்டத்தில் சேர்ந்து, 90 நாட்களுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் விற்பதில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும், சேராவிட்டால் 35தான். பதிப்பாளர் நிபந்தனை விதித்தால் சுரண்டல், அமேசான் விதித்தால் சுதந்திரமோ?

கரிசல்மசி:
35 என்பதும் பத்தைவிடப் பெரிய எண் என்றுதான் எனக்குப் பள்ளியில் (பல்லியில் அன்று) கற்பித்தார்கள். கணக்குத் தாள் எங்கே?

மெய்ப்புநோக்கி:
அழைத்திருந்தாலும் வந்திருக்க மாட்டேன் என்பதைப் பதிவு செய்கிறேன்.

ஏட்டுச்சுவடி:
என் பதிப்பாளர் எனக்கு ஆண்டுதோறும் கணக்குத் தாள் தருகிறார்.

கரிசல்மசி:
மகிழ்ச்சி. நூலக ஆணையில், அதாவது அரசு நூலகங்களுக்கான கொள்முதலில், போன பிரதிகளும் அதில் இருக்கின்றனவா என்று இப்போதே எடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.

ஏட்டுச்சுவடி:
தங்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் எனக்கில்லை.

கரிசல்மசி:
இதே பதிலைத்தான் என் முதல் நூலின் பதிப்பாளரும் சொன்னார்.