சாகத் துணிந்தவரைக் காப்பாற்றிய செலவு யார் தலையில்?

கடலோடி:
டைட்டானிக் கப்பலின் சிதைவைப் பார்க்கப் போய் ஆழ்கடலில் சிதைந்த டைட்டன் நீர்மூழ்கி பற்றிய இழையில் கணக்குப்பிள்ளை நேற்று எழுதியது இது: "பொழுதுபோக்குக்காகச் சாகப் போகிறவர்களைத் தேடிய செலவை அவர்களிடமே வசூலிக்க வேண்டும், அவர்கள் இல்லையென்றால் குடும்பத்திடம்." படித்ததில் இருந்து மனசு ஆறவில்லை, அதனால் தனி இழை. பதினெட்டு வருடம் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன் நான். அருகில் யாரோ ஆபத்தில் இருக்கிறார் என்று செய்தி வந்தால் கப்பலைத் திருப்பியே ஆக வேண்டும். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸ் உடன்படிக்கை அப்படித்தான் சொல்கிறது. அவன் ஏன் அங்கே போனான் என்று விசாரித்துவிட்டுத் திருப்பச் சொல்லவில்லை. கடலில் மீட்புக் கூலி பற்றிய 1989ஆம் ஆண்டின் சால்வேஜ் உடன்படிக்கை, 16ஆம் விதியைப் பாருங்கள். கப்பலையும் சரக்கையும் காப்பாற்றியவர் கூலி கேட்கலாம். உயிர் தப்பிய ஆளிடம் கூலி கேட்க முடியாது.

கணக்குப்பிள்ளை:
அதே விதியின் மீதியையும் சொல்லுங்கள் ஐயா. அந்தந்த நாட்டுச் சட்டத்தை இது பாதிக்காது என்று அதே வாக்கியத்தில் இருக்கிறது. பாதியை மட்டும் காட்டுவது உங்கள் வழக்கம். டைட்டனில் ஓர் இடத்துக்கு இரண்டரை லட்சம் டாலர். 2023 ஜூன் 18 அன்று தொடர்பு அறுந்தது. 22ஆம் தேதி சிதைவுகள் கிடைக்கும்வரை அமெரிக்க, கனடா விமானங்கள், ஆழ்கடல் ரோபோவோடு பிரான்ஸின் கப்பல் என்று எத்தனை பேர்! பெரும்பகுதி வரி கட்டுகிறவன் காசு. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் அலட்சியமாக மலையேறி மாட்டிக்கொண்டால் பில் வரும். முன்பே அந்த மாநிலம் விற்கும் 25 டாலர் 'ஹைக் சேஃப்' அட்டை வாங்கியிருந்தால் வராது. அட்டை 2015இல் இருந்து இருக்கிறது. மலையேறுவதை யாரும் விட்டுவிடவில்லை.

பனிக்கோடாரி:
நான் மலையேறுகிறவள். அந்த 25 டாலர் அட்டை காப்பீடு இல்லை. அதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

கணக்குப்பிள்ளை:
25 டாலர் கொடுத்தால் பில் இல்லை, கொடுக்காவிட்டால் பில். இதற்குப் பெயர் எதுவாக இருந்தால் என்ன?

பனிக்கோடாரி:
அப்படியும் இல்லை. அட்டை இருந்தாலும், தெரிந்தே ஆபத்தை வரவழைத்தீர்கள் என்று முடிவானால் பில் வரலாம். அட்டை இல்லாவிட்டாலும், அலட்சியம் இல்லையென்றால் பில் கிடையாது. வேட்டை உரிமமோ மீன்பிடி உரிமமோ வைத்திருப்பவருக்கும் அதே சலுகைதான், அவர் இந்த அட்டையைப் பார்த்தே இருக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் "சாகத் துணிந்தவர்" யாரோ அவரைத்தான் அந்த அட்டை காப்பாற்றாது. உங்கள் உதாரணம் உங்களுக்கே உதவவில்லை.

நடுவழி:
மன்னிக்கவும், முதலில் ஒரு சந்தேகம். அதீத ஆபத்து என்று எதைச் சொல்கிறோம்? புயல் எச்சரிக்கையை மீறிப் பிழைப்புக்காக மீன் பிடிக்கப் போகிறவர் இதில் வருவாரா? அதை முடிவு செய்துவிட்டுப் பேசலாமே.

கணக்குப்பிள்ளை:
தெரிந்தே ஆபத்தை வரவழைத்தால் பில் வரும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் பனிக்கோடாரி. நானும் அதைத்தான் சொல்கிறேன். நன்றி.

கடலோடி:
அவர் சொன்னதைத் திருப்பி அவர் தலையிலேயே போடாதீர்கள். போன மாதம் பாராசூட் இழையிலும் இதே வேலைதான் செய்தீர்கள். சரி, மலைக்கே வருகிறேன். 2018 ஜனவரி, பாகிஸ்தானின் நங்க பர்பத் சிகரம். எலிசபெத் ரெவோல், தோமாஷ் மாட்ஸ்கியேவிச் இருவரும் உச்சியைத் தொட்டு இறங்கும்போது மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டர் கிளம்ப வேண்டுமானால் பணத்துக்கு உத்தரவாதம் வேண்டும் என்றார்கள். அங்கே ஒருவன் கண் தெரியாமல், கைகால் உறைந்து கிடக்கிறான். இங்கே இணையத்தில் நிதி திரட்டிக்கொண்டிருக்கிறார்கள். கே2 மலையில் இருந்த போலந்து குழுவின் டெனிஸ் உருப்கோவும் ஆதாம் பியலெட்ஸ்கியும் அந்த ஹெலிகாப்டரில் வந்து இறங்கி, இரவோடு இரவாக ஏறி ரெவோலை மீட்டார்கள். மாட்ஸ்கியேவிச் மேலேயே தங்கிவிட்டார். காசைப் பேசி முடிப்பதற்குள் ஒரு மலையில் எவ்வளவு நேரம் போய்விடுகிறது என்று யோசித்தீர்களா?

கணக்குப்பிள்ளை:
காசு திரண்டதால்தான் ரெவோல் பிழைத்தார். என் கட்சிக்குத்தான் ஆதாரம் தருகிறீர்கள். முன்பே கட்டியிருந்தால் அந்த நேரமும் மிஞ்சியிருக்கும். 25 டாலர் அட்டையும் இதுவும் ஒன்றுதான். சுவிட்சர்லாந்தின் வான்வழி மீட்பு அமைப்பான ரேகாவைப் பாருங்கள். 1952இல் தொடங்கியது, ஆதரவாளர்கள் தரும் சந்தாதான் அதன் முதுகெலும்பு. சந்தா கட்டியவருக்கு மீட்புச் செலவைத் தள்ளுபடி செய்கிறார்கள்.

கடலோடி:
சந்தா வேறு, தண்டனை வேறு. ஊரே சேர்ந்து ஒரு குளம் வெட்டி வைப்பதும், தண்ணீரில் தத்தளிக்கிறவனிடம் கரையில் நின்று விலை பேசுவதும் ஒன்றா? பிரிட்டனில் ஆர்.என்.எல்.ஐ. என்ற உயிர்காப்புப் படகு அமைப்பு 1824இல் இருந்து இருக்கிறது. நன்கொடையில் ஓடுகிறது, படகில் போகிறவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். கரைக்குக் கொண்டுவந்தவனிடம் ரசீது நீட்டுவதில்லை. அமெரிக்கக் கடலோரக் காவல் படையும் தேடல், மீட்புக்குக் கட்டணம் வாங்குவதில்லை. டைட்டனுக்கும் அதேதான்.

கணக்குப்பிள்ளை:
வாங்குவதில்லை என்பது தெரியும். வாங்க வேண்டும் என்பதுதானே பேச்சு!

அலைவரிசை:
நம் பாய்மரப் படகோட்டி அபிலாஷ் டோமிக்கும் பில் அனுப்பியிருக்க வேண்டுமா? 2018 செப்டம்பரில், தனியாகப் படகில் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில் பாய்மரம் முறிந்து, முதுகு அடிபட்டு, தெற்கு இந்தியப் பெருங்கடலில் கிடந்தார். பிரான்ஸின் ஒசிரிஸ் கப்பல்தான் எடுத்தது.

கணக்குப்பிள்ளை:
அவர் அப்போது கடற்படை அதிகாரி. நாட்டின் பெருமை. அதை இதில் இழுக்காதீர்கள்.

கடலோடி:
இதுதான் எனக்குக் கோபம் வரும் இடம். அது தனியார் நடத்தும் பந்தயம். தனி ஆள், சிறிய படகு, நவீன வழிகாட்டிக் கருவி கூடாது என்பது விதி. இதைவிட ஆபத்தைத் தெரிந்து எடுக்க முடியுமா? நம் ஆள் என்றால் பெருமை, ஊர் பேர் தெரியாதவன் என்றால் பில்லா? டோமிமீது எனக்கு அளவில்லாத மரியாதை உண்டு. குணமாகி, அடுத்த பந்தயத்தை 2023இல் இரண்டாவதாக முடித்தவர். அதே பந்தயத்தில் முதலாவதாக வந்த கிர்ஸ்டன் நாய்ஷேஃபர், 2022 நவம்பரில் படகு மூழ்கி ரப்பர் தெப்பத்தில் கிடந்த தாபியோ லெஹ்டினனை எடுக்கப் பந்தய வழியை விட்டுத் திரும்பினார். போட்டியாளரையே காப்பாற்றுகிறார். கடல் இப்படித்தான் நடக்கிறது.

கணக்குப்பிள்ளை:
"கடல், கடல்" என்கிறீர்கள். கப்பலில் உங்களுக்கு என்ன வேலை? இன்ஜின் ரூமில் இருந்தவருக்கு மேலே நடந்தது என்ன தெரியும்?

கடலோடி:
ஆம், இன்ஜின் ரூம்தான். செகண்ட் இன்ஜினியர். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேளுங்கள். ஒருமுறை ஈபர்ப் என்ற அவசர உதவிக் கருவியின் சிக்னல் வந்து கப்பலைத் திருப்பினோம். பதினான்கு மணி நேரம். கீழே இருந்த எங்களுக்கு வேகத்தைக் குறைக்காதே என்பது மட்டும்தான் உத்தரவு. தனியாகப் பாய்மரப் படகில் வந்த கிழவர். கப்பலின் பக்கத்தில் தொங்கவிடும் பைலட் ஏணியில் ஏற முடியாமல் வலையில் வைத்துத் தூக்கினார்கள். நான் மேலே போனபோது போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன முதல் பேச்சு, சிக்னலை இன்னும் முன்பே போட்டிருக்க வேண்டும், தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று தள்ளிப்போட்டேன் என்பது. காசு கேட்காத கடலிலேயே கூச்சத்தில் தள்ளிப்போடுகிறான். பில் வரும் என்று தெரிந்தால் எப்போது போடுவான்? கம்பெனி எரிபொருள் செலவுக்கு முணுமுணுத்தது. கேப்டன் லாக் புத்தகத்தைக் காட்டியதோடு சரி.

பனிக்கோடாரி:
இதையேதான் மலை மீட்புக் குழுவினரும் பல நாடுகளில் சொல்கிறார்கள். செலவுக்குப் பயந்து தாமதமாக அழைத்தால், இருட்டில், மோசமான வானிலையில் மீட்பவர்கள் ஏற வேண்டியிருக்கும்.

கணக்குப்பிள்ளை:
ஒரு கிழவரை வைத்து உலகத்துக்கே சட்டம் போட முடியாது. மீட்கப் போகிறவனும் சாகலாமே, அவனுக்கு யார் பதில் சொல்வது?

கடலோடி:
மீட்கப் போகிறவனிடம் கேளுங்கள், வீட்டில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவரிடம் கேட்காதீர்கள். அவன் உயிருக்குப் பில் போட்டு ஈடு கட்ட முடியும் என்று நினைக்கிறீர்களா?

அலைவரிசை:
டோமி விஷயத்துக்குக் கணக்குப்பிள்ளை இன்னும் பதில் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை:
சொல்லிவிட்டேன். கடலோடிதான் 25 டாலர் அட்டைக்குப் பதில் சொல்லவில்லை. நியூ ஹாம்ப்ஷயரில் நடக்கிறதா, இல்லையா?

கடலோடி:
பனிக்கோடாரி விளக்கமாகச் சொன்னதைப் படித்தீர்களா, இல்லையா?

நடுவழி:
அந்த மீனவர் விஷயம் அப்படியே நிற்கிறது.

கணக்குப்பிள்ளை:
படித்தேன். 25 டாலர்தானே. கட்டிவிட்டுப் போகட்டும்.

கடலோடி:
தெப்பத்தில் கிடக்கிறவன் எங்கே போய்க் கட்டுவான்?