25 பேருக்குக் கேஜன் கடலுணவுப் பாஸ்தா: முதல் நாளே செய்து வைக்கலாமா?

கேள்வி:
அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து லஃபாயெட்டில் வசிக்கிறோம். தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அக்கம்பக்கத்தார் 25 பேர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். அன்று அவர்கள் இறைச்சி தொடமாட்டார்கள் என்பதால், இறாலும் கிராஃபிஷும் (சிறு நன்னீர் இறால் வகை) சேர்த்து, இந்தப் பகுதியின் பிரெஞ்சு வழிச் சமையலான கேஜன் முறையில் பாஸ்தா கேசரோலை (தட்டில் வைத்து ஓவனில் சுடும் உணவு) முதல் நாளே செய்து வைத்து, மறுநாள் ஓவனில் சூடாக்கிப் பரிமாற எண்ணியிருக்கிறேன். ஆனால் சென்ற மாதம் சிறிய அளவில் செய்து பார்த்தபோது பாஸ்தா குழைந்து, இறால் ரப்பர் போலாகி, சாறு முழுவதும் வற்றிவிட்டது. எங்கே தவறினேன்?

பதில் 1:
கடலுணவையும் முதல் நாளே கலந்து வைத்ததுதான் காரணமாக இருக்கும். ஒன்பதுக்குப் பதின்மூன்று அங்குலத் தட்டுகள் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். தட்டு ஒன்றுக்கு 400 கிராம் பென்னே (குழாய் வடிவப் பாஸ்தா), இறாலும் கிராஃபிஷுமாக 700 கிராம், பாலும் கிரீமும் சேர்ந்து ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதல் என்ற கணக்குச் சரியாக இருக்கும். பாஸ்தாவை உறையில் குறித்த நேரத்துக்கு மூன்று நிமிடம் முன்பே வடித்துவிடுங்கள். இரவு முழுவதும் அது சாற்றைக் குடிக்கும் என்பதால், சாறு கரண்டியிலிருந்து தாரையாக ஒழுகும் பதத்தில் இருக்கவேண்டும். மறுநாள் 175 டிகிரி செல்சியஸில் அலுமினியத் தாளால் மூடி, நடுப்பகுதி கொதிக்கும் வரை சூடாக்கிய பிறகே, ஈரம் ஒற்றியெடுத்த பச்சை இறாலையும், வெந்த கிராஃபிஷையும் கிளறிச் சேர்த்து, சீஸைத் தூவி, மூடாமல் மேலும் 15 நிமிடம் வையுங்கள். இறால் பிறைபோல் வளைந்தால் போதும். வளையமாகச் சுருண்டுவிட்டால் பதம் தாண்டிவிட்டது என்று பொருள்.

பதில் 2:
மேலே சொன்ன முறையையே நானும் பின்பற்றுகிறேன். சுவையைப் பற்றி மட்டும் சேர்க்க விரும்புகிறேன். கேஜன் என்றாலே காரம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தச் சமையலின் அடித்தளம், 'புனித மும்மை' என்று அவர்கள் அழைக்கும் வெங்காயம், செலரி, குடைமிளகாய் ஆகிய மூன்றும்தான். அவற்றை வெண்ணெயில் நிறம் மாறாமல் பொறுமையாக வதக்கி, மைதா சேர்த்துப் பச்சை வாசனை போன பிறகே பாலை ஊற்றுங்கள். இறால் ஓட்டை வேகவைத்து வடித்த நீரைப் பாலின் ஒரு பகுதிக்கு ஈடாகச் சேர்த்தால் மணமே வேறு. உறையில் வரும் கிராஃபிஷ் ஏற்கெனவே வெந்தது. அதோடு ஒட்டியிருக்கும் ஆரஞ்சு நிறக் கொழுப்பைத் தயவுசெய்து கழுவிவிடாதீர்கள், ருசியே அதில்தான் இருக்கிறது. கடைகளில் கிடைக்கும் கேஜன் பொடிகள் பெரும்பாலானவற்றில் உப்பு மிகுதி என்பதால், பொடியைப் போட்டு ருசி பார்த்த பிறகே உப்பிடுங்கள்.

பதில் 3:
விருந்தினர்களில் எவருக்கேனும் இறால், நண்டு ஒவ்வாமை உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், சகோதரி. இருந்தால் ஓட்டுநீர் சேர்க்காத சாற்றில் காளான் போட்டுச் சிறு தட்டு ஒன்றைத் தனியே செய்து, அதற்கென்று வேறு கரண்டி வையுங்கள்.