தகரக் கூரை ஓட்டைகளின் வழியே இறங்கும் சூரியன்

போருக்குப் பிந்திய மீள்குடியேற்றக் காலத்தில் கிளிநொச்சிப் பக்கம் போட்ட தகரக் கொட்டில்களில் பல, கல்வீடு எழுந்த பின்னரும் குசினியாகவும் மாட்டுக் கொட்டிலாகவும் நிற்கின்றன. எங்கள் வளவிலுள்ள குசினியும் அத்தகையதே. வேறிடத்தில் கழற்றி வந்த தகரங்கள் என்பதால் பழைய ஆணி ஓட்டைகளும் செல் (எறிகணை) சிதறல் கிழித்த ஓட்டைகளும் அவற்றில் நிறைய உண்டு. ஒன்று முக்கோணமாக, இன்னொன்று நீண்ட கீறலாக, எதுவும் மற்றொன்றைப் போல இல்லை. ஆயினும் வெயில் உச்சிக்கு ஏறும்போது தரையில் விழும் வெளிச்சப் பொட்டுகள் அனைத்தும் வட்டமாகவே இருக்கின்றன.

காரணத்தை அறிய ஒரு வெள்ளைத் தாள் போதும். தாளைப் பொட்டின் மேல் பிடித்துக்கொண்டு மெல்லக் கூரையை நோக்கி உயர்த்தினால், வட்டம் சிறுத்து, விளிம்பு கூர்மையாகி, தகரத்தை அண்டியதும் கிழிசலின் முக்கோணம் அப்படியே தாளில் தெரியும். ஓட்டையின் வடிவம் அதன் அருகில் மட்டுமே நிலைக்கிறது. தூரம் கூடக் கூட, சூரியனின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் வரும் ஒளி தனித்தனி முக்கோணங்களாக விழுந்து ஒன்றன்மேல் ஒன்று படிந்து, சூரியனின் வட்ட வடிவையே எடுத்துவிடுகிறது. அந்தப் பொட்டு சூரியனின் படம். சூரியனின் தூரம் அதன் விட்டத்தைப் போல் ஏறத்தாழ 108 மடங்கு என்பதால், சிறிய ஓட்டையிலிருந்து 3 மீற்றர் தள்ளி விழும் படம் 3 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அதன் ஓரத்தில் கரியால் கோடு போட்டால், இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் பொட்டு தன் அகலம் அளவுக்கு நகர்ந்துவிடுவதைக் காணலாம். பூமி சுழல்வதை இதைவிட நேராகக் காட்டும் கருவி வீட்டில் வேறில்லை.

2019 டிசம்பர் 26 காலை சூரியன் வளையமாகத் தெரியும் கங்கண சூரிய கிரகணம் இலங்கையின் வடபகுதியைக் கடந்தபோது இதன் முழு அழகையும் கண்டோம். ஆழிப்பேரலையின் 15ஆம் ஆண்டு நினைவு நாளும் அதுவே என்பதால் பெரியவர்கள் முல்லைத்தீவுக்குப் போயிருந்தார்கள். நானும் அம்மம்மாவும் பிள்ளைகளும் வீட்டில் நின்றோம். மேகம் விலகிய வேளைகளில் தரையிலிருந்த பொட்டுகள் அத்தனையும் பிறைகளாயின. ஒளிக்கதிர்கள் ஓட்டையில் ஒன்றையொன்று குறுக்கிடுவதால், வானில் இருந்த பிறைக்கு அவை நேர் எதிராகத் திரும்பியிருந்தன. பிறகு பிறையின் முனைகள் கூடி வளையங்களாயின. அம்மம்மா தன் உள்ளங்கையை நீட்டி ஒரு வளையத்தை ஏந்தி, “இஞ்ச பார் பிள்ளை, சூரியன் என்ர கையில” என்றார். வேப்ப மரத்தின் கீழும் இலை இடுக்குகள் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தன.

ஆனையிறவுக்கும் பரந்தனுக்கும் இடையே ஏ9 வீதியில் நண்பகலில் தேங்கி நிற்கும் கானல் நீரையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. கொதிக்கும் தாரை ஒட்டிய சூடான, அடர்த்தி குறைந்த காற்று, வானத்திலிருந்து இறங்கும் ஒளியை மேல்நோக்கி வளைத்து நம் கண்ணுக்கு அனுப்புகிறது. அதைப் பொய்த் தோற்றம் என்று தள்ளிவிடுகிறோம். வீதியில் கிடப்பது வானத்தின் உண்மையான படம்.

2031 மே 21 அன்று வரும் கங்கண கிரகணத்தின்போது வன்னியில் சூரியனின் பெரும்பகுதி மறையும். அன்று சூரியனை நேரே பார்க்காதீர்கள், கண் கெட்டுவிடும். ஓட்டைத் தகரத்தின் கீழோ மர நிழலிலோ பிள்ளைகளை இருத்தி, தரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.